பத்தில் சேராத வருஷம்

பரிதி சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பெட்டியைப் பிரித்தாயிற்று. சாக்லேட்டைப் பங்கு போட்டாயிற்று. தைலப் பாட்டில்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பேச வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் பேசவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால், அப்பா ரெத்தினத்தின் படத்திறப்பு நடந்த அன்று, அக்கா செம்மொழியும் தம்பி பரிதியும் ஊர் முன்னிலையில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். அப்பாவின் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, துண்டு போடக் கூடாது. முதல் பத்து வருஷம் செம்மொழி சாகுபடி செய்வாள். அடுத்த பத்து வருஷம் பரிதி. கேட்பதற்கு அன்று எவ்வளவு அழகாக இருந்தது! கூட்டத்தில் ஒருவர் கைகூடத் தட்டினார். பத்து என்றால் எதிலிருந்து எதுவரை என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பத்து முடிந்துவிட்டது என்பது பரிதியின் கட்சி. இன்னும் ஒரு வருஷம் பாக்கி என்பது செம்மொழியின் கட்சி. இருவருமே பொய் சொல்லவில்லை, வம்பே அங்கேதான். பொய் சொல்கிறவரை மடக்கிவிடலாம். உண்மை சொல்கிற இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நேற்றுவரை எல்லாம் ஜாடைமாடையாகப் போய்க்கொண்டிருந்தது. இன்று அப்படிப் போக வழியில்லை. கல்லணையிலிருந்து புது ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். அது ஒரத்தநாட்டைத் தாண்டி, கிளை வாய்க்காலுக்குள் திரும்பி, சாயங்காலத்துக்குள் ஊருக்கு வந்துவிடும் என்று விடியும்போதே செய்தி வந்துவிட்டது.

ரெத்தினம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் தண்ணீர் வரும்போது யார் மடையை வெட்டி அதை வயலுக்குள் விடுகிறார்களோ, அந்த வருஷம் அவர்களுடையது. ரெத்தினம் பாதி ஆயுள்வரை அடுத்தவர் வயலுக்கு மடை வெட்டியவர். ஆறு மா சொந்தமாகக் கைக்கு வந்த வருஷம், தன் வயலுக்குத் தன் கையால் வெட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்து அழுதாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

ஆகவே இன்று செம்மொழி மடையை வெட்டினால், தம்பி இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். பரிதி வெட்டினால், பொழுது சாய்வதோடு அவளுடைய காலம் முடிந்தது.

காலையில் இட்லி சாப்பிடும்போது பரிதிதான் ஆரம்பித்தான்.

"அக்கா, இன்னிக்கு மடைய நான் வெட்டுறேன்."

செம்மொழி அவன் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அடுத்த வருஷம் வெட்டு. யாரு வேணாம்னா?"

"பத்து வருஷம் ஆயிருச்சுக்கா. படத்திறப்பு நடந்தது ஒரு ஆனி மாசம். இது ஆனி."

"அந்த ஆனியில தண்ணி வந்துச்சா? ஆடியில வந்துச்சா? கடைசி வரைக்கும் இந்த வாய்க்கால்ல ஒரு சொட்டு வரல. மழையும் ஏமாத்திருச்சு. நான் என்னத்தடா சாகுபடி பண்ணுனேன், புழுதியையா? அதெல்லாம் ஒரு வருஷமா?"

"வருஷந்தான். காலண்டர்ல இருக்குல்ல?"

"காலண்டர்ல நெல்லு வெளையாதுடா."

சமையற்கட்டு வாசலில் அவர்களுடைய அம்மா நீலாம்பாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. பேச்சும் அப்படித்தான், வேண்டிய அளவுக்கு மேல் இருக்காது.

"நீ சொல்லும்மா," என்றான் பரிதி. "பத்து முடிஞ்சிருச்சா இல்லையா?"

நீலாம்பாள் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையோ கேட்கிறான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"என்னையா கேக்குற? சித்தப்பாவக் கேளுங்க. கணக்கு வாத்தியாரு இருக்கப்ப என்னைப் போயி..."

கணக்கு வாத்தியார் நெடுஞ்செழியன், ரெத்தினத்தின் தம்பி. ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியும் ஊரில் எந்தக் கூட்டல் கழித்தலும் அவரைத் தாண்டிப் போனதில்லை. அஸார் டீக்கடை பெஞ்சில் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. அக்காவும் தம்பியும் தனித்தனி வண்டியில் போய் இறங்கியதைப் பார்த்ததுமே பேப்பரை மடித்துவிட்டார்.

இரண்டு பக்கமும் கேட்டார். டீயை உறிஞ்சினார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"கணக்குல சைபர் உண்டு. வருஷத்துல சைபர் கிடையாது. ஒண்ணுல தொடங்கும், பத்துல முடியும். தண்ணி வராத வருஷந்தான் அந்த ஒண்ணு. ரெண்டாயிரம் பொறந்தப்ப ஒலகமே புது நூற்றாண்டுன்னு வெடி வெடிச்சுச்சு. தப்பு! நான் ஒருத்தன்தான் அடுத்த வருஷம் ஜனவரி ஒண்ணாந் தேதி சரியா வெடிச்சேன்."

"ஆமா சார்," என்றான் அஸார். "அன்னிக்கு ராத்திரி ஊர்ல எல்லா நாயும் கொலைச்சுது, எங்க வாப்பா இன்னும் சொல்லுவாரு."

"நாய்க்குக் கணக்குத் தெரியுமா? நீ டீயப் போடு."

அஸார் விடவில்லை. "ஆனா சார், எம் பொண்ணுக்கு ஒண்ணாவது பொறந்த நாள் கொண்டாடுனோம். அன்னிக்கு ஒரு வருஷம் முடிஞ்சு போயிருந்துச்சுல்ல? அப்ப அந்த முத வருஷம் பூரா அவளுக்கு வயசு என்ன? சைபர்தான்?"

"அது வயசு, இது வருஷம். ரெண்டும் வேற."

"எங்க வேற?"

நெடுஞ்செழியன் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார். டீக்கடையில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. ஒருவர் தீபாவளிக்குத் தீபாவளிதான் வருஷம் என்றார். இன்னொருவர் தையில் அறுத்தால்தான் வருஷம் முடியும் என்றார். அறுப்புக்குப் பிறகு உளுந்து எடுக்காமல் எப்படி முடியும் என்று மூன்றாமவர் கோபித்துக்கொண்டார். நாலு டீ கூடுதலாக விற்றதுதான் மிச்சம்.

செம்மொழி மட்டும் எழுந்து நின்றாள்.

"சித்தப்பா, வெதைக்கவும் இல்ல, அறுக்கவும் இல்ல. அதப் போயி ஒண்ணுன்னு எப்படி வச்சுக்குவீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணன் மகளிடம் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் பயம் உண்டு. படத்திறப்பு அன்று, பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று எழுந்து நின்று கேட்டு வாங்கியவள் அவள்.

"கணக்குப்படி பரிதி சொல்றதுதாம்மா சரி," என்றார் மெதுவாக. "மனசுப்படி நீ சொல்றது சரி. எனக்கு மனசுக்கு மார்க் போடத் தெரியாதும்மா."

மத்தியானத்துக்கு மேல் செம்மொழிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் வருகிற திசையில், அதை எதிர்கொள்ள வாய்க்கால் கரையோடு நடந்தாள்.

ஆனி மாசத்து வெயில் மேகத்துக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. காற்று எதையோ சொல்ல வந்து பாதியில் மறந்துவிட்டது போல் நின்று நின்று வீசியது. உழுது போட்ட வயல்கள் ஆள் அரவமின்றிக் கிடந்தன. தூரத்தில் ஒரு டிராக்டர் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாத ஓசை. நடக்க நடக்க, தான் நடக்கிறோமா அல்லது கரைதான் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்றே அவளுக்கு மயக்கமாக இருந்தது.

கணவன் இறந்து, கைக்குழந்தை எழில்மொழியோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள் அவள். எழில்மொழி இன்று ஒரத்தநாட்டுக் கல்லூரியில் மாட்டுக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த முதல் நாட்களில் தெருவில் போனால் எல்லாக் கண்ணிலும் 'ஐயோ பாவம்' இருக்கும். அப்பாவோடு வேலை செய்துவிட்டுச் சேற்றுக்காலோடு வயலிலிருந்து வரும்போது மட்டும் அது இருக்காது. "என்ன செம்மொழி, நாத்து எப்படி?" என்று கேட்பார்கள். மடை தம்பி கைக்குப் போனால் அவள் மறுபடியும் பிறந்த வீட்டுக்கு வந்த பெண். அவளுக்கு வேண்டியது நெல் இல்லை, அந்த ஒரு கேள்விதான். அதை யாரிடமும் சொல்லிக் கேட்க முடியவில்லை என்பதுதான் அவளுடைய துக்கம்.

வளைவு திரும்பியதும் தண்ணீரைப் பார்த்தாள்.

வெள்ளமாக வரவில்லை. தூக்கத்தில் நடந்து வருகிற குழந்தை மாதிரி வந்தது. முன்னால் சருகும் வைக்கோலும் காகிதக் கப்பும் நுரையுமாக ஒரு வரிசை. வெடித்துக் கிடந்த வாய்க்கால் தரை ஒவ்வொரு பிளவிலும் அதைக் குடித்து, குமிழ் விட்டு, பிறகுதான் மேலே விட்டது. எறும்புகள் கட்டி கட்டியாக ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு கொக்குகள் கூடவே நடந்து வந்தன.

கொக்குகளுக்குப் பின்னால் பரிதி வந்துகொண்டிருந்தான். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்திருந்தான்.

"நீயும் கெளம்பிட்டியா?" என்றாள்.

"வீட்ல இருக்க முடியலக்கா."

தண்ணீரின் வேகத்துக்கே இருவரும் நடந்தார்கள். அது நின்றால் நின்றார்கள். மண் நனைகிற வாசனை ஏறி வந்து இருவரையும் சின்னப் பிள்ளைகளாக்கிவிட்டது.

"அங்க படுத்திருக்கப்ப இதத்தான் நெனச்சுக்குவேன்," என்றான் பரிதி. "ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு. ஃபேன் சத்தத்தத் தண்ணிச் சத்தம்னு வச்சுக்குவேன். புது ஆத்துலேருந்து ஆரம்பிப்பேன். மதகு, பாலம், அஸார் கடைப் பின்பக்கம்... அப்படியே ஒவ்வொண்ணா நடந்து வருவேன்."

"வந்து?"

"நம்ம மடைக்கு வர்றதுக்குள்ள தூங்கிருவேன். பத்து வருஷத்துல ஒரு நாள்கூட உள்ள விட்டதில்ல."

இவனும் இதே தண்ணீரோடுதான் நடந்திருக்கிறான், கடலுக்கு அந்தப் பக்கத்தில் படுத்துக்கொண்டு. கொடுத்துவிடலாம் என்றுகூட அந்த நிமிஷம் செம்மொழிக்குத் தோன்றியது. கொடுத்துவிட்டு நாளைக்கு எங்கே போய் நிற்பது என்றும் உடனே தோன்றியது.

ஊர் எல்லைப் பாலத்துக் கட்டையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் பாலத்துக்கு அடியில் நுழைந்து, அங்கே கிடந்த பள்ளத்தை நிரப்பத் தொடங்கியது. அது நிரம்ப நேரமாகும்.

"சரி, எண்ணிப் பாத்துருவோம்," என்றான் பரிதி. "சித்தப்பா வேணாம், காலண்டர் வேணாம். நீயும் நானும் எண்ணுவோம்."

"கஜா புயல் அடிச்சது?"

"அது மூணாவது. எனக்கு ஃபோனே கெடைக்கல. நீங்கல்லாம் இருக்கீங்களா இல்லையான்னே தெரியாம நாலு நாள் வேலைக்குப் போனேன்."

"மூணாவது இல்ல, ரெண்டாவது," என்றாள் செம்மொழி. "கொய்யா மரம் விழுந்துச்சே. பயிரு சாய்ஞ்சு கெடந்துச்சு. எழிலு அத நிமுத்தி நிமுத்திக் கட்டுனா, பாவம், ஒவ்வொரு குத்தா."

"கொரோனா?"

"அந்த வருஷம் வெளைச்சல் நல்லாருந்துச்சுடா. வாங்கத்தான் ஆளு வரல. நீ வீடியோவுல வந்து மாஸ்க்கோட அழுத."

"நான் எங்க அழுதேன்?"

"மாஸ்க்கு நனைஞ்சிருந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். அறுவடைக்கு முதல் வாரம் மழையில் மூழ்கிய வருஷம் வந்தது. பரிதி கல்யாணம் செய்துகொண்ட வருஷம் வந்தது. வானதியைப் பெண் பார்க்கத் தஞ்சாவூர் போன அன்று பஸ் கிடைக்காமல் நெல் லாரியில் ஏறி வந்த கதை வந்தது. ஒவ்வொரு வருஷமும் வந்து கட்டையில் கூடவே உட்கார்ந்துகொண்டது. ஒரு வருஷம் முந்தியதா பிந்தியதா என்று அடித்துக்கொண்டு, கலைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். எப்படி எண்ணினாலும் செம்மொழியின் ஒரு கட்டைவிரல் மடங்காமல் நின்றது.

பரிதி அந்த விரலைப் பிடித்து மடக்கினான்.

"இதையும் சேத்துக்கக்கா. ஒனக்கு அந்த வருஷம் இல்லாம இருக்கலாம். எனக்கு இருந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி வரலன்னா எனக்கு வயசு ஏறாம இருந்துச்சா? நான் அங்க அத முழுசா இருந்து முடிச்சேன்."

செம்மொழி விரலை விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கும் ஏறுச்சுடா. தெனம் சாயங்காலம் வந்து இந்தக் காஞ்ச வாய்க்கால்ல உக்காந்திருப்பேன். விவசாயின்னு பேரு மட்டும் வச்சுக்கிட்டு. அப்படி ஒரு வருஷம் எனக்கு வேணாம். நீ எடுத்துக்க. அதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு குடு."

"எங்கேருந்துக்கா குடுப்பேன்? என் பத்துலேருந்துதான் எடுத்துக் குடுக்கணும்."

செம்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். காலுக்குக் கீழே தண்ணீர் தெளிந்து, சருகும் நுரையும் இல்லாமல், சத்தமே போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது.

"டேய், தண்ணி போயிருச்சுடா!"

பள்ளம் எப்போதோ நிரம்பிவிட்டது. பழைய வருஷங்களை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் புது வருஷம் அவர்கள் காலுக்கடியில் நழுவிப் போயிருக்கிறது. கொக்குகளையும் காணோம். வயது நாற்பதைத் தாண்டிய அக்காவும் அதை நெருங்கிக்கொண்டிருந்த தம்பியும் கரையில் விழுந்தடித்து ஓடினார்கள். யார் முந்துவது என்பது ஓடும்போதே மறந்துவிட்டது. மடை வெட்டப்படாமல் முதல் தண்ணீர் தங்கள் வயலைத் தாண்டிப் போய்விடக் கூடாதே என்ற பதைப்புதான் இருவருக்கும்.

தாண்டிப் போகவில்லை.

மடை வெட்டியிருந்தது. வயலுக்குள் தண்ணீர் விரிந்துகொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் முழுவதும் அதில் விழுந்து, வயல் எது வானம் எது என்று பிரிக்க முடியாமல் ஆகியிருந்தது. அதன் நடுவில், சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நீலாம்பாள் நின்றாள்.

"யாரும்மா வெட்டுனா?" மூச்சிரைக்கக் கேட்டாள் செம்மொழி.

"நான்தான்."

பரிதி இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கினான். நிமிர்ந்து கேட்டான்.

"யாருக்கும்மா வெட்டுன? அக்காவுக்கா, எனக்கா?"

"எனக்கு," என்றாள் நீலாம்பாள்.

இருவரும் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஒங்கப்பா இருந்த வரைக்கும் எல்லா வருஷமும் அவரோடது. அவரு போனாரு. இவளுக்குப் பத்து, ஒனக்குப் பத்துன்னு பேசுனீங்க. இந்த வயலு வேற ஒருத்தரோடதா இருந்தப்பவே கூலிக்கு இதுல நாத்து நட்டவ நான். ஒன்ன வயித்துல வச்சுக்கிட்டு நட்டேன். பங்கு போட்டப்ப எதிர்லதான் உக்காந்திருந்தேன். ஒனக்கு ஒரு வருஷம் வேணுமா நீலாம்பான்னு ஒரு நாய் கேக்கல."

அவள் குரலில் கோபம் இல்லை. கடைத்தெருவுக்குப் போய் வந்த விவரத்தைச் சொல்வது போல்தான் சொன்னாள்.

"காலையிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். இவ பத்துல ஒரு வருஷத்தச் சேக்க மாட்டேங்குறா. நீ சேக்காம விட மாட்டேங்குற. ரெண்டு கணக்குக்கும் நடுவுல ஒண்ணு தொங்குதுல்ல? அத நான் எடுத்துக்கிட்டேன்."

செம்மொழிக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். தன் வருஷத்தை அம்மாவே பறித்துக்கொண்டாளே என்று நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள்ளேயே வெட்கம் வந்துவிட்டது. பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சபையில் எழுந்து நின்று கேட்டவள் அவள். எதிரில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்து வருஷமாக அதே அடுப்பில் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போயிருக்கிறாள்.

அழுகை வந்தது. மறைக்கவில்லை. பரிதியும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வசதியாக இருந்தது.

"நின்னு அழுதா நாத்து வந்துருமா?" என்றாள் நீலாம்பாள். "செம்மொழி, ஒங்கிட்ட வெத நெல்லு இருக்குல்ல, ஊறப் போடு. பரிதி, வரப்பு ஒடைஞ்சு கெடக்குற எடத்தக் கட்டு. ரெண்டு பேருக்கும் கூலி உண்டு. பாத்துத்தான் குடுப்பேன்."

பரிதி சிரித்துவிட்டான். "அப்ப என் பத்து எப்பம்மா ஆரம்பிக்கிது?"

"என் வருஷத்த முடிச்சுட்டுப் பேசுறேன். இப்ப எறங்கு."

அவன் இறங்கினான். செம்மொழியும் இறங்கினாள். புதுத் தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும், தோற்றவளுக்கு வர வேண்டிய வருத்தம் ஏனோ அவளுக்கு வரவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா இத்தனை உயரமா என்று இருந்தது.

"எடுத்ததுதான் எடுத்த, நீயும் ஒரு பத்தா எடுத்துக்கயேம்மா," என்றாள் சீண்டலாக.

"பத்தெல்லாம் எதுக்குடி?" இன்னொரு தோசை வேண்டாம் என்று கையால் மறிக்கிற மாதிரி சொன்னாள் நீலாம்பாள். "எனக்கு ஒண்ணு போதும்."

செம்மொழியின் சிரிப்பு பாதியில் நின்றது. மண்வெட்டிக் காம்பைப் பிடித்திருந்த, எலும்பாய்த் தேய்ந்துபோன அம்மாவின் கையைப் பார்த்தாள். அதற்கு மேல் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா ஒண்ணு போதும்ங்குற?"

நீலாம்பாள் வயலின் மேற்கு மூலையைக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் தண்ணி ஏறல பாரு," என்றாள்.